செம்பனை அரிவாளும் உலோகக் கண்ணாடியும்: ஒரு கேள்வியும் அதன் பின் சேர்ந்த குறிப்புகளும்

3 ஜூன் 2023, கேள்வி

"உலோகக் கண்ணாடி எஃகைவிட இரு மடங்கு வலிமையானது, வளைத்து விட்டால் வில்லைப் போலத் திரும்பிவிடும் என்று படித்தேன். எங்கள் தோட்டத்தில் மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் அரிவாள்கள் வளைந்தோ விளிம்பு உதிர்ந்தோ வீணாகின்றன. உலோகக் கண்ணாடி முறிந்துவிடும் என்பதுதான் அதன் குறை என்றால், எஃகுக்குச் செய்வதைப் போல அதற்கும் இளஞ்சூடு காட்டிப் பதம் இறக்கினால் சரியாகிவிடாதா? நான் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை பார்ப்பவன். விஞ்ஞானம் படித்தவன் அல்லன்."

4 ஜூன் 2023

முறிவதுதான் குறை என்பதைத் தம்பி சரியாகவே பிடித்திருக்கிறார். அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது.

உருகிய உலோகம் ஆறும்போது அணுக்கள் வரிசையாக அடுக்கி அமர்ந்து படிகமாகின்றன. அவை அமர்வதற்கு நேரம் கொடுக்காமல் ஆற்றிவிட்டால், உருகிய நிலையின் ஒழுங்கின்மை அப்படியே உறைந்துபோகிறது. அதைத்தான் உலோகக் கண்ணாடி என்கிறோம். 1960ல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் கிளெமென்ட், வில்லென்ஸ், டுவெஸ் ஆகிய மூவர் தங்கமும் சிலிக்கனும் கலந்த உருகலை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவிலான வேகத்தில் ஆற்றி இதை முதலில் காட்டினார்கள். அந்த வேகத்தில் மெல்லிய துணுக்குதான் கிடைக்கும். 1993ல் அதே கால்டெக்கில் பீக்கரும் ஜான்சனும் வெளியிட்ட கலவை, அதாவது சிர்கோனியம், டைட்டானியம், செம்பு, நிக்கல், பெரிலியம் ஐந்தும் சேர்ந்த 'விட்ரெலாய் 1', நொடிக்கு ஒரு டிகிரி அளவில் ஆறினாலே கண்ணாடியாகிவிடும். விரல் பருமனுள்ள கம்பிகளை வார்த்து முறித்துப் பார்ப்பது அதன் பிறகுதான் எளிதாயிற்று.

அந்தக் கலவையின் வலிமை ஏறக்குறைய 1,900 மெகாபாஸ்கல். 2 விழுக்காடு வரை இழுத்துவிட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஆகவே இரு மடங்கு என்பது சரிதான்.

முறிவதற்கான காரணம் இது. எஃகில் அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று சிறிது சிறிதாக நழுவும். நழுவ நழுவ அவை தமக்குள் சிக்கிக்கொண்டு அந்த இடம் முன்னைவிட இறுகும். அதனால் அடுத்த நழுவல் வேறு இடம் தேடிப் போகும். சுத்தியலால் தட்டிய தகடு தட்டிய இடத்தில் விறைப்பதை எந்தப் பட்டறைக்காரரும் அறிவார். கண்ணாடியில் வரிசையே இல்லை, எனவே சிக்கிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. நழுவிய இடம் மேலும் தளர்கிறது, அடுத்த நழுவலும் அங்கேயே போய் விழுகிறது. அடிபட்ட எஃகு முறுக்கேறுகிறது, அடிபட்ட கண்ணாடி அந்த இடத்திலேயே தோற்றுப்போகிறது.

பதம் இறக்குவதைப் பொறுத்தவரை, மிதமான சூட்டில் வைத்தால் வார்ப்பில் தங்கிய உள் இறுக்கம் தளரும் என்பதால் சிறிது நன்மைதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

5 ஜூன் 2023

நேற்றைய குறிப்பின் கடைசி வரி தவறு. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அதிலும் நான் அந்தத் தவறைச் செய்திருக்கக் கூடாது, ஏனென்றால் இதே தவற்றை ஒருமுறை கையாலும் செய்திருக்கிறேன்.

என் தந்தையார் இங்கே மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய்க்கு அருகில் ஒரு தோட்டத்துப் பட்டறையில் 31 ஆண்டுகள் வேலை செய்தவர். பால்மரம் (ரப்பர் மரம்) இருந்த காலத்தில் பால்வெட்டும் கத்திகளையும், அதை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உளிகளையும் அரிவாள்களையும் பழைய லாரியின் வில்பட்டைகளிலிருந்து அடித்துக் கொடுத்தார். செக்கச் சிவந்த இரும்பை எண்ணெயில் தோய்ப்பார். தோய்ந்தது கண்ணாடி போல உடையும் என்பதால் மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் ஏறி, ஊதா படரும் நேரம் பார்த்து எடுப்பார். தோய்த்தது உடையும், சூடு காட்டினால் உடையாது என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்த பாடம்.

பிற்பாடு வட மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வகத்தில் உலை பார்க்கும் தொழில்நுட்பராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். அங்கே, வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின்மேல் உருகிய இரும்பு-சிலிக்கன்-போரான் கலவையைப் பீய்ச்சி நாடா எடுப்போம். இருபத்தைந்து மைக்ரோமீட்டர் தடிமன். சாக்லேட் சுற்றிவரும் தாள் போல மினுங்கும். இரண்டாக மடித்து நகத்தால் அழுத்தினாலும் முறியாது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மூன்று வாரம் எடுத்த நாடாவை என்னிடம் பத்திரப்படுத்தக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். நான் அப்பாவின் பாடத்தை நினைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், அதில் பாதியை 350 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து ஆற்றினேன். மறுநாள் எடுத்து மடித்தபோது அப்பளம் நொறுங்கும் ஓசை கேட்டது.

எஃகில் தோய்த்ததால் வந்த நொறுங்கும் தன்மையைச் சூடு குறைக்கிறது. உலோகக் கண்ணாடியில் சூடுதான் நொறுங்கும் தன்மையைக் கொண்டுவருகிறது. வேகமாக ஆறிய கண்ணாடியில் அணுக்களுக்கு நடுவே கொஞ்சம் வெற்றிடம் தாராளமாக மாட்டிக்கொண்டிருக்கும். சுமை ஏறும்போது பத்துப் பத்து அணுக்களாகச் சிறு கூட்டங்கள் புரண்டு கொடுக்க அந்த இடமே உதவுகிறது. 1977ல் ஸ்பேப்பன் அந்த வெற்றிடத்தை வைத்தும், 1979ல் ஆர்கன் அந்தச் சிறு கூட்டங்களின் புரளலை வைத்தும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இளகும் வெப்பநிலைக்குக் கீழே சூடுகாட்டினால் அணுக்கள் நெருங்கி அமர்ந்து, அந்தத் தாராளம் போய்விடுகிறது. நாடா இன்னும் கண்ணாடியாகத்தான் இருக்கும். படிகம் ஒன்றும் தோன்றியிராது. ஆனால் வளைந்து கொடுக்கும் குணம் போய்விடும்.

ஆகவே தம்பிக்கு விடை: பதம் இறக்கினால் கெடும். மன்னிக்கவும்.

6 ஜூன் 2023

கண்ணாடி என்றால் ஊடுருவிப் பார்க்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. முகம் பார்க்கலாம், சவரம்கூடச் செய்யலாம்.

11 ஜூன் 2023

சுங்கைப் பட்டாணி அன்பர் ஒருவர் பழைய இரும்புக் கடையில் கிடந்த மின்மாற்றி ஒன்றின் உட்கருவைப் பிரித்து உலோகக் கண்ணாடி நாடாவை எடுத்திருக்கிறார். அது மடித்தவுடன் உடைந்தது, நான் மடியும் என்று எழுதியது பொய் என்கிறார். பொய்யன்று. மின்மாற்றிக்குப் போகும் நாடாவை உட்கருவாகச் சுற்றிய பிறகு, காந்த இழப்பைக் குறைப்பதற்காக உலையில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். காந்தத்துக்கு அந்தச் சூடு வேண்டும், வளைவதற்கு அது நஞ்சு. உட்கருவுக்குள் யாரும் நாடாவை மடிக்கப் போவதில்லை என்பதால் அந்த விலையைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் உலையில் கெடுத்ததும் அவர் கடையில் வாங்கியதும் ஒரே பொருள்தான். ஒரே வேறுபாடு, அவருடையதை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

18 ஜூன் 2023

முறிவை அருகிலிருந்து பார்க்காமல் மேலே போவதில் பொருளில்லை.

சிர்கோனியக் கண்ணாடியில் மூன்று மில்லிமீட்டர் பருமனும் ஆறு மில்லிமீட்டர் உயரமும் உள்ள துண்டு ஒன்றை அமுக்கும் இயந்திரத்தில் வைத்தால், திரையில் கோடு நேராக ஏறிக்கொண்டே போகும். எந்த முன்னறிவிப்பும் இராது. பிறகு ஓர் ஒலி. துண்டு இரண்டாகிச் சரிந்து கிடக்கும். முறிந்த முகம் குறுக்காக இராது, சாய்ந்திருக்கும்; சுமையின் திசையிலிருந்து, அமுக்கி முறித்தால் 45 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவும், இழுத்து முறித்தால் சற்று அதிகமாகவும் சாயும். அந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அரச இலையின் நரம்புகளைப் போல மேடுகள் கிளைத்து ஓடுவதும், அவற்றின் நுனியில் உருகித் தெறித்த துளிகள் உறைந்திருப்பதும் தெரியும். குளிர்ந்த நிலையில் முறித்த ஓர் உலோகத்தில் உருகிய துளி ஏன் வந்தது என்று முதல்முறை பார்த்த அன்று எனக்குப் புரியவே இல்லை.

நழுவல் முழுவதும் பத்து முதல் இருபது நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டைக்குள் அடைபட்டுவிடுகிறது என்பதே காரணம். நழுவு பட்டை என்று அதை அழைப்போம். அத்தனை ஆற்றலும் அந்த மெல்லிய இடத்தில் கொட்டுவதால் அது கண நேரம் கொதிக்கிறது. 2006ல் லெவண்டோவ்ஸ்கியும் கிரீரும் கண்ணாடியின்மேல் வெள்ளீயத்தை மெல்லப் பூசிவிட்டு வளைத்தார்கள். பட்டை வெளிப்பட்ட கோட்டை ஒட்டி மட்டும் வெள்ளீயம் உருகிச் சிறு மணிகளாகத் திரண்டிருந்தது. சிர்கோனியக் கண்ணாடியைச் சம்மட்டி ஊசலால் காற்றில் அடித்து முறித்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளி வெட்டும், நைட்ரஜனுக்குள் முறித்தால் அந்த ஒளி தெரியாது. முறிந்த புதுப் பரப்பு காற்றில் எரிவதால் வரும் வெளிச்சம் அது.

எனவே உலோகக் கண்ணாடி நழுவாத பொருள் அல்ல. நழுவலை ஒரே இடத்தில் குவித்துவிடும் பொருள். ஒரு பட்டை ஒரு மில்லிமீட்டர் நழுவினால் கம்பி முறியும். ஆயிரம் பட்டைகள் ஆளுக்கு ஒரு மைக்ரோமீட்டர் நழுவினால் கம்பி வளையும். இதை மேம்படுத்த இதுவரை வந்த வழிகள் எல்லாம், பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதோ, ஓடும் பட்டையை வழியில் நிறுத்துவதோதான்.

25 ஜூன் 2023

மிகவும் எளிய வழி, பொருளை மெல்லியதாக்குவது. வளைக்கும்போது மேற்பரப்பில் தொடங்கும் பட்டை நடுவை நோக்கிப் போகப் போகச் சுமை குறைந்து நின்றுவிடும். தகடு மெல்லியதாக இருந்தால் பட்டைகள் நெருக்கமாகவும் பலவாகவும் தோன்றும், ஒவ்வொன்றும் கொஞ்சமே நழுவும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழான தகடு நிரந்தரமாக வளைந்து நிற்பதும், அதே கலவையில் தடித்த தகடு முறிவதும் இதனால்தான். என் நாடா மடிந்ததும் இதனால்தான். அதில் கலவையின் பெருமை பாதி, மெலிவின் பெருமை பாதி. ஒரு மில்லிமீட்டர் அரிவாளைக் கட்டிக் குலையை இழுத்தால் என்ன ஆகும் என்று தம்பிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

9 ஜூலை 2023

அடுத்தது கலவையைத் தேர்ந்தெடுப்பது. ஒரு பொருளின் உருவத்தைக் கோணச் செய்வதற்கு அது காட்டும் எதிர்ப்பை விறைப்புக் குணகம் என்கிறோம். எல்லாப் பக்கமும் நெருக்கிப் பருமனைக் குறைப்பதற்குக் காட்டும் எதிர்ப்பைப் பருமக் குணகம் என்கிறோம். முதலாவது இரண்டாவதைவிட மிகக் குறைவாக இருந்தால், அந்தப் பொருளுக்குப் பிளப்பதைவிட நழுவுவது எளிது. லெவண்டோவ்ஸ்கி, வாங், கிரீர் மூவரும் 2005ல் பல கண்ணாடிகளின் எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம் 0.41 முதல் 0.43 வரையிலான இடத்தைத் தாண்டினால் கண்ணாடி நொறுங்குவதும், அதற்குக் கீழே இருந்தால் தாங்குவதும் தெரிந்தது. மக்னீசியக் கண்ணாடிகளில் சில, ஜன்னல் கண்ணாடியைவிடப் பெரிதாக அதிகம் தாங்குவதில்லை என்னும் நிலையில் இருக்கின்றன. மறுமுனையில் பிளாட்டினம் இருக்கிறது: 2004ல் ஷ்ரோவர்ஸும் ஜான்சனும் காட்டிய பிளாட்டினம்-செம்பு-நிக்கல்-பாஸ்பரஸ் கண்ணாடி அமுக்கும்போது 20 விழுக்காடு வரை முறியாமல் நெளிந்து கொடுத்தது. 2011ல் கால்டெக் குழு வெளியிட்ட பல்லேடியக் கண்ணாடியின் முறிவுத் தாங்குதிறன், அதாவது விரிசல் ஓடுவதைத் தடுக்கும் திறன், நல்ல கட்டுமான எஃகுகளின் வரிசையில் நிற்கும் 200 மெகாபாஸ்கல் √மீட்டர் அளவைத் தொட்டது.

விலைதான் தடை. பல்லேடிய அரிவாளைத் தம்பி தோட்டத்துச் சாமான் அறையில் வைக்க முடியாது. அம்மன் கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் காவல் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

10 ஜூலை 2023

ஒரு திருத்தம். விகிதம் நன்றாக இருந்தால் போதும் என்று நேற்றைய குறிப்பைப் படிப்பவர் நினைக்கக்கூடும். அதே கலவையைச் சூடுகாட்டி அணுக்களை நெருங்க விட்டால் விகிதமும் மாறிவிடும். நான் கெடுத்த நாடாவின் வேதியியல் மாறவே இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

30 ஜூலை 2023

கூலிமில் இயந்திரப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், சிமெண்டுக்குள் கருங்கல் ஜல்லி போடுவதைப் போலக் கண்ணாடிக்குள் கடினமான துகள்களைப் போட்டால் பட்டை நிற்குமே என்று கேட்டார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். டங்ஸ்டன் கம்பி போன்றவற்றைக் கலந்து பார்த்தவர்களுக்கு அமுக்கும் சோதனையில் பயன் இருந்தது. ஆனால் இழுக்கும்போது தேவைப்படுவது கடினமான துகள் அல்ல, மென்மையான துகள்.

2000ல் கால்டெக்கின் ஹேஸ், கிம், ஜான்சன் மூவரும், வார்ப்பு ஆறும்போதே சிர்கோனியம்-டைட்டானியம்-நையோபியம் படிகங்கள் மரக்கிளை போலக் கிளைத்து வளரும்படியும், மீதி உருகல் அவற்றைச் சுற்றிக் கண்ணாடியாக உறையும்படியும் கலவையை அமைத்தார்கள். பட்டை எளிதில் கொடுக்கும் மென்மையான கிளையில் தொடங்குகிறது, கண்ணாடிக்குள் கொஞ்ச தூரம் ஓடுகிறது, விரிசலாக மாறுவதற்குள் அடுத்த கிளை குறுக்கிட்டு அதை உள்வாங்கிக்கொள்கிறது. கிளைகளுக்கு இடைப்பட்ட தூரம் இங்கே உயிர்நாடி. ஆறும் வேகம் இடத்துக்கு இடம் மாறினால் கிளையின் அளவும் மாறி, ஓரம் ஒரு குணமும் நடு ஒரு குணமுமாக வார்ப்பு வந்துவிடும். 2008ல் ஹாஃப்மனும் குழுவும் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள்: கலவையை முழுவதும் உருகாமலும் முழுவதும் உறையாமலும் கஞ்சிப் பதத்தில் பிடித்துவைத்து, கிளைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பருக்க விட்டு, பிறகு ஆற்றினார்கள். இழுக்கும்போது 10 விழுக்காட்டுக்கு மேல் நீளும் உலோகக் கண்ணாடிக் கலவைகள் கிடைத்தன. முறிவுத் தாங்குதிறன், முன்பு சொன்ன அதே அலகில், 170 வரை போனது. படிகம் கலவாத உலோகக் கண்ணாடியில் இழுவையில் நீளும் அளவு ஏறக்குறையச் சுழியம்.

ஆயினும் ஒரு குறை மிச்சமிருந்தது. அந்தக் கலவைகள் நீளும். ஆனால் நீளும்போது எஃகைப் போல இறுகுவதில்லை, ஓரிடத்தில் இடுப்பு சிறுத்துவிடும். செம்பும் சிர்கோனியமும் ஏறக்குறையச் சரிபாதியாக உள்ள கலவைகளில் அதற்கும் ஒரு வழி தெரிந்தது. அவற்றில் உருவாகும் ஒருவகைப் படிகம், சுமை ஏறும்போது தன் அடுக்கையே மாற்றிக்கொண்டு, மாறிய இடத்தில் இறுகுகிறது. தோய்த்த எஃகை இறுக்கும் மார்ட்டென்சைட் மாற்றமும் இதே குடும்பம்தான். அப்பாவின் எண்ணெய் டின்னுக்குள் நடந்தது சுற்றிக்கொண்டு இங்கே வந்து நிற்பதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

20 ஆகஸ்ட் 2023

மேற்சொன்னவற்றைவிட மலிவான வழி ஒன்று உண்டு. கட்டுரைகளில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், ஆய்வகத்தில் பாதி ஆயுள் அதிலேயே போகும். அது ஆக்சிஜனை வெளியே நிறுத்துவது.

சிர்கோனியம் ஆக்சிஜனுக்கு ஆலாய்ப் பறக்கும் உலோகம். கலவையில் பத்து லட்சம் அணுக்களுக்குச் சில ஆயிரம் ஆக்சிஜன் அணுக்கள் புகுந்தாலே, கண்ணாடியாவதற்குத் தேவையான ஆறும் வேகம் பல மடங்கு ஏறிவிடும். ஏறிய வேகத்தை அச்சு தர முடியாதபோது உள்ளே நொறுங்கும் படிகங்கள் விதை போட்டுவிடும். ஆகவே மின்வில் உலையில் காற்றை உறிஞ்சி, ஆர்கான் நிரப்பி, மறுபடி உறிஞ்சி, மறுபடி நிரப்பி, முதலில் ஓரத்தில் வைத்த டைட்டானியக் கட்டியை உருக்கி மிச்ச ஆக்சிஜனை அதற்குத் தின்னக் கொடுத்து, அதன் பிறகே நமது கலவையைத் தொடுவோம். உருக்கிய டைட்டானியம் ஆறியதும் வெள்ளிபோல் பளபளத்தால் உலை சுத்தம். நீலமோ மஞ்சளோ படிந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். நிறம் பார்த்து எடுப்பது இங்கேயும் வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

ஒரு நவம்பர் மாதம், மழை விடாமல் பெய்த வாரம். ஐந்து மில்லிமீட்டர் கம்பிகள் எட்டு வார்த்தேன். டைட்டானியக் கட்டியின் ஓரத்தில் மிக இலேசான வைக்கோல் நிறம் இருந்தது. விளக்கின் வெளிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டுக் கம்பிகளும் வெளியே அப்பழுக்கற்ற பளபளப்பு. அமுக்கியபோது ஐந்து, எதிர்பார்த்த சுமையில் பாதியைக்கூடத் தொடாமல் கரும்பலகைச் சுண்ணக்கட்டி போல உதிர்ந்தன. எக்ஸ் கதிரில் வைத்தால், கண்ணாடிக்கு வர வேண்டிய ஒரே அகன்ற மேட்டின்மேல் ஊசி ஊசியாகப் படிகத்தின் முனைகள். கதவின் ரப்பர் வளையத்தில் தலைமுடி அளவு வெடிப்பு இருந்தது. முடிவுக்குக் காத்திருந்த மாணவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கடினமாக இருந்தது. பெரிலியம் கலந்த கலவையாக இருந்திருந்தால், உதிர்ந்த தூளைக் கூட்டிப் பெருக்கியதற்கே என் நுரையீரல் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, அது அலுமினியம் கலந்த வகை.

21 ஆகஸ்ட் 2023

ரப்பர் வளையத்தின் விலை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு ரிங்கிட். பால்மரம் வெட்டிய ஊரில் ரப்பரால் தோற்றேன் என்று அப்போதே சிரித்துவிட்டார்கள். மறுபடி எழுத வேண்டாம்.

17 செப்டம்பர் 2023

சூடு காட்டினால் அணுக்கள் நெருங்கிக் கெடுகிறது என்றால், அதைத் திரும்ப இளமையாக்க முடியுமா என்று தம்பியே கேட்டார். முடியும், அளவோடு.

2006ல் சாங், வாங், கிரீர் மூவரும் சிறு உலோகக் குண்டுகளை மேற்பரப்பின்மேல் பொழியவிட்டு அடித்தார்கள். மேல்தோலில் நெருக்கும் இறுக்கமும் ஏற்கெனவே தொடங்கிய பட்டைகளும் சேர்ந்ததால், பிறகு சுமை ஏறியபோது நழுவல் பல இடங்களுக்குப் பிரிந்து போயிற்று. 2015ல் வெளிவந்தது இன்னும் விந்தையானது: கண்ணாடியை, சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி உள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்துவதும் அறை வெப்பத்துக்கு எடுப்பதுமாகப் பலமுறை செய்தால், அதற்குள் ஆற்றல் கூடி அது கொடுக்கும் குணம் பெறுகிறது. வெளியிலிருந்து எவரும் அதைத் தொடுவதே இல்லை. கண்ணாடியின் உள்ளே இடத்துக்கு இடம் விரியும் அளவு வேறுபடுவதால், குளிர்ந்து சூடேறும்போது அண்டை அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துக் கலைத்துக்கொள்கின்றன என்பதே விளக்கம்.

பணி ஓய்வுக்கு முன் இதை நானும் செய்து பார்த்தேன். தேநீர்க் குடுவை போன்ற பாத்திரத்தில் நைட்ரஜன் புகைய, இடுக்கியில் பிடித்த துண்டை ஒரு நிமிடம் உள்ளே, ஒரு நிமிடம் வெந்நீரில் என்று முப்பது முறை. ஐந்து துண்டுகளில் இரண்டு முன்னைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் கொடுத்தன, இரண்டில் வேறுபாடு தெரியவில்லை, ஒன்று முன்னைவிட முன்னதாகவே முறிந்தது. அதனால் இதை நம்பி விற்கும் பொருள் எதையும் செய்ய எனக்குத் துணிவு வராது. அந்த ஒன்று வார்ப்புக் குமிழியால் முறிந்திருக்கலாம். வெட்டிப் பார்க்காமல் விட்டது என் தவறு.

15 அக்டோபர் 2023

நான்கு மாதமாக முறிவைப் பற்றியே எழுதிவிட்டு, அரிவாளைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. நேற்று தம்பியே எனது சாணைக் கடைக்கு நான்கு அரிவாள்களைக் கொண்டுவந்தார். இரண்டில் கழுத்து திரும்பியிருந்தது, ஒன்றில் நுனி மடங்கியிருந்தது, ஒன்றில் விளிம்பில் அரிசி அளவு பல் விழுந்திருந்தது. உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது எனது முதல் குறிப்பே ஆட்டம் கண்டது.

விட்ரெலாயின் விக்கர்ஸ் கடினம் (வைர முனையால் அழுத்திக் காணும் கடின அளவு) ஏறக்குறைய 530. ஒழுங்காகத் தோய்த்துப் பதம் இறக்கிய வில்பட்டை எஃகு அதற்கு வெகு அருகில் வந்துவிடும். அதன் வலிமையும் 1,500 மெகாபாஸ்கல் வட்டாரத்தில் இருக்கும். இரு மடங்கு என்பது சாதாரணக் கட்டுமான எஃகோடு ஒப்பிட்டுச் சொல்லும் பேச்சு, அதனோடு ஒப்பிட்டால் இரு மடங்குக்கும் மேலேயே வரும். அரிவாளின் எஃகோடு ஒப்பிட்டால் கால் பங்குதான் கூடுதல். விளிம்பு கூர்மை காப்பதில் பெரிய ஆதாயம் இல்லை. உண்மையான ஆதாயம் வளைந்து திரும்புவதில் இருக்கிறது: எஃகு ஒரு விழுக்காட்டைத் தொடும் முன்பே நிரந்தரமாக வளைந்துவிடும், கண்ணாடி இரண்டு விழுக்காடு வரை போய்த் திரும்பும். 1990களின் கடைசியில் கோல்ஃப் மட்டையின் தலையை இதில் செய்து விற்றது இந்தக் குணத்துக்காகத்தான். துரைமார் கிளப்புக்கு அது பொருந்தும். பந்து ஓங்கி அடிக்கப்படுவது ஆட்டத்துக்குச் சில பத்துமுறை.

அரிவாள் அப்படியா? ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மட்டை, குலை. ஒரே சுமையைத் திரும்பத் திரும்பத் தாங்கும் சோதனையில் விட்ரெலாய் மிகவும் ஏமாற்றியது. 1998ல் கில்பர்ட், லிப்மன், ரிச்சி வெளியிட்ட அளவீட்டில், முறியாமல் காலமெல்லாம் தாங்கும் சுமை அதன் வலிமையில் 4 விழுக்காடு அளவே வந்தது. மற்றவர்களுக்கு இதைவிட நல்ல எண்கள் கிடைத்திருக்கின்றன. இருந்தாலும் எஃகுக்கு ஏறக்குறையப் பாதி என்று நாம் பழகிய கணக்கு இங்கே செல்லாது.

கடைசியாக எனது சொந்தத் தொழில் தொடர்பான தடை. சாணைக் கல்லில் பொறி பறக்கப் பிடித்தால் விளிம்பு எளிதில் முந்நூற்றைம்பது டிகிரியைத் தாண்டும். அதுவே இந்தக் கண்ணாடி இளகும் வெப்பநிலை. எஃகு நீலம் பாய்ந்தால் கூர்மை போகும், அவ்வளவுதான், அரைத்துத் தள்ளிவிட்டு மேலே போகலாம். கண்ணாடியின் விளிம்பு அணுக்கள் நெருங்கியோ படிகமாகியோ, அன்று மாலையே குலைக்குள் துண்டு துண்டாகத் தங்கிவிடும். அந்தத் துண்டு ஆலையின் பிழிபொறிக்குள் போனால் யாரிடம் கேட்பார்கள் என்று தம்பிக்குத் தெரியும்.

19 நவம்பர் 2023

தீபாவளிக்கு வந்திருந்த அக்காள் மகன், இவ்வளவு குறையுள்ள பொருளை எதற்காக அறுபது ஆண்டுகளாகக் கட்டி அழுகிறார்கள் என்றான். நியாயமான கேள்வி. அதன் குணத்துக்கு ஏற்ற வேலை வேறு இடத்தில் இருக்கிறது. நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில், முன்பு சொன்ன ஹாஃப்மனின் குழு, மசகு எண்ணெய் உறைந்துபோகும் குளிரில் ஓட வேண்டிய ஊர்திகளுக்குப் பற்சக்கரங்களை இதில் செய்து சோதித்தது. ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து நிமிரும் மெல்லிய கிண்ணம் உள்ள பற்சக்கரத் தொகுதி அது. மெலிவு இருக்கிறது, மீட்சி வேண்டும், தேய்மானம் கூடாது; எஃகில் கடைந்தெடுக்கப் பெரும் செலவாகும் அந்தக் கிண்ணத்தை இதில் அச்சில் வார்த்துவிடலாம். அரிவாளுக்குத் தடையாக இருந்தவை எல்லாம் அங்கே வழிவிட்டுவிடுகின்றன. சோர்ந்து முறிவது மட்டும் அங்கேயும் கூடவே வருகிறது. அதனால்தான் சுழற்றிச் சுழற்றிச் சோதிக்கிறார்கள்.

26 நவம்பர் 2023

தம்பியின் நான்கு அரிவாள்களில் கழுத்து திரும்பிய இரண்டையும் பரிசோதித்தேன். அரத்தை வைத்தால் வழுக்கவில்லை, வெண்ணெய் போலக் கடித்தது; தோய்ச்சலே சரியாக ஏறவில்லை. வாங்கிய இடத்தின் குறையா, யாரோ தீயில் காட்டி நிமிர்த்தினார்களா என்பது எனக்குத் தெரியாது. அப்பாவின் முறைப்படி எண்ணெயில் தோய்த்து, வைக்கோல் நிறம் தாண்டி ஊதா வரும்போது எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கூடவே ஓர் உறையில் இரண்டு துண்டு நாடா வைத்திருக்கிறேன். ஒன்று அந்த மாணவரின் சுருளில் நான் சூடு காட்டாமல் தப்பிய பாதியிலிருந்து வெட்டியது. மற்றது சுங்கைப் பட்டாணி அன்பர் அனுப்பிய மின்மாற்றித் துண்டு. இரண்டையும் மடித்துப் பார்க்கலாம், இரண்டாவதை மடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 4 குறிப்பில் "இரு மடங்கு என்பது சரிதான்" என்று இருக்கும் வரியை அழிக்கவில்லை. அதைப் படிப்பவர்கள் அக்டோபர் 15 வரை வர வேண்டும்.